ஒன்ஸ் மோர் கேட்காத மத்தியானம்

உட்கார்ந்தபடி காலை ஆட்டினால் தரித்திரம் பிடிக்கும் என்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை. ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர் வேலை. தரித்திரம்தான் முன்கூட்டியே வந்துவிட்டதே, இனி ஆட்டினால் என்ன என்று ஆட்டிக்கொண்டிருந்தேன். பூசணிக்காயையும் கூஜாவையும் வரையச் சொல்லிக்கொடுத்தே ஆயுள் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி மணி வகுப்பில் பையன்களுக்குப் பாட்டும் நாடகமும் சொல்லிக்கொடுக்க விட வேண்டும் என்று ஹெட்மாஸ்டரை ஒரு வருஷமாக அரித்தேன்.

அவர் பாலக்காட்டு அக்கிரகாரத்து மனிதர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சத்தம்தான் அவருக்கு ஆகாது. பாலக்காட்டுக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்ட மாசியில், எங்கள் பள்ளிக்கூடத்தில் பகலில் ஒரு நாடகம் போடுங்கள் என்று அவர்களிடம் சம்மதம் வாங்கிவிட்டு ஹெட்மாஸ்டர் முன்னால் போய் நின்றேன்.

"நடத்தும், வேண்டாங்கலே" என்றார். "ஆனா பரீட்சை ஹால் மாதிரி இருக்கணும், கேட்டீரா. ஒருத்தன் கை தட்டினாலும் உம்ம பாட்டுக் கிளாஸ் பேச்சு அன்னைக்கோட முடிஞ்சதாக்கும். ஒழுங்கா இருந்தான்கள்னா வெள்ளிக்கிழமை மணியை எடுத்துக்கும்."

எனக்கு அந்த மணி வேண்டியிருந்தது. ஒரு வாரம் பையன்களைப் பழக்கினேன். ஒரு கையை மடக்கிக் கட்டு, மறுகை விரலை உதட்டில் வை, நாடகம் முடியும்வரை எடுக்காதே. பிரம்பை மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் இந்தக் கலைப் பாடத்தை நடத்தினேன். முன்வரிசையில் ஒரு குடியானவர் வீட்டுப் பையன், கொஞ்சம் பாடக்கூடியவன், எழுந்து நின்றான்.

"ஏனுங் சார், பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னாலுமுங்களா?"

"அப்பவும்தான்" என்றேன்.

கம்பெனிக்காரர்களிடம் இந்த நிபந்தனையைச் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார்கள் என்று தெரியும். கொட்டகையில் பாட்டு முடிந்ததும் "ஒன்ஸ் மோர்" என்று குரல் வர வேண்டும். வராவிட்டால் பாட்டு இன்னும் சபைக்குள் இறங்கவில்லை என்று நடிகர் எடுத்துக்கொள்வார், திரும்பப் பாடுவார். எத்தனையோ கொட்டகையில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். எனக்கா இது தெரியாது?

மத்தியானம் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு மேடையாக்கினோம். காட்டில் குழந்தையைத் தொலைத்த ராணியின் கதை. ராணி வேஷம் கட்டியவர் ஐம்பதை நெருங்கிய ஆண்பிள்ளை, வேட்டியில் பார்த்தால் நெல் வியாபாரி என்பீர்கள். அவர் வாயைத் திறந்ததும் ஹாலில் குழந்தையைத் தேடும் தாய் ஒருத்திதான் இருந்தாள். பாட்டு முடிந்தது. ஹால் அசையவில்லை.

மறுபடி பாடினார். அப்போதும் ஒன்றுமில்லை. ஆர்மோனியக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் சுருதியை அரைக்கட்டை ஏற்றினார். மூன்றாவது முறை அந்த உயரத்தில் பாடினார். முன்வரிசைப் பையனின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, விரல் உதட்டை விட்டு நகரவில்லை. எனக்கு அந்த இரண்டு வார்த்தையும் தொண்டைவரை வந்துவிட்டன. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். வார்த்தையை விழுங்கினேன். என் கால் ஆடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

நான்காவது முறை உச்சியில் அவர் குரல் உடைந்தது. சபையைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். மிச்சக் கதையை அவசர அவசரமாக முடித்தார்கள்.

கம்பெனி வண்டி மறைவில் தேங்காயெண்ணெய் தொட்டு முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"ஏனுங் மாஸ்டர், நாஞ் செரியாப் பாடலீங்களா?" என்றார். "முப்பது வருசத்துல எந்த ஊர்லயும் இப்படி ஆனதில்லீங்க."

உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால், உன் ஒரு மணி நேரத்துக்காக என் தொண்டையை உடைத்தாயா என்று கேட்பாரே.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றேன்.

"மருவாதிக்குச் சொல்றீங்க" என்று வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் கொட்டகையைப் பிரித்து, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கு வண்டி கட்டிவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க இருந்த இடத்தில் இருக்க முடியாமல் ஆற்றங்கரைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஹெட்மாஸ்டர் சொன்ன சொல் தவறவில்லை. "ஒரு தும்மல்கூட இல்லே, பேஷ்" என்று வெள்ளிக்கிழமை மணியைத் தந்தார். பஜனை மடத்தில் ஆர்மோனியம் இரவல் வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் போனேன். ராணியின் பாட்டில் முதல் அடியைப் பாடிக் காட்டி, கூடப் பாடச் சொன்னேன்.

நாற்பது பேரும் ஒரு கையை மடக்கிக் கட்டி, விரலை உதட்டில் வைத்தார்கள்.

இப்போது பாடலாம் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, யாரும் வாயைத் திறக்கவில்லை. இது என்ன புதுப் பரீட்சையோ என்று நினைத்திருப்பார்கள். மறுபடி பாடினேன். அரைக்கட்டை ஏற்றியும் பாடிப் பார்த்தேன். என் குரலுக்கு அது எட்டவில்லை, பாதியில் பிசிறிவிட்டது.

முன்வரிசைப் பையனைப் பார்த்து, "ஏண்டா, நான் சரியாப் பாடலையா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சுங் சார்" என்றான், விரலை எடுக்காமல்.