ஆம்ப்ளிஃபயரோடு வந்த செருப்பு

ஓர் உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, அதன் இடத்தில் ஒரு நியாயத்தை எடுத்து வைத்தால் அது பொய்யாகுமா? அந்த நியாயம் முழுக்க உண்மையாகவே இருந்தாலுமா? சில ஆண்டுகளாக இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிகிறேன். நேற்று வில்லியனூர் கடைத்தெருவில், ஒரு செருப்புக் கடை வாசலில், அது என்னை மறுபடி பிடித்து நிறுத்தியது.

மழைக்கு ஒதுங்கிய இடம் அது. கடைக்காரர் புதிதாக வந்த மூட்டை ஒன்றை அவிழ்த்தார். நீல வார் வைத்த ரப்பர் செருப்புகள். மூட்டையின் வாயிலிருந்து புது ரப்பர் வாடை எழுந்தது. உங்களுக்கு அந்த வாடை பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தை நினைவூட்டலாம். எனக்கு அது ஒரு கிதார் ஆம்ப்ளிஃபயரை நினைவூட்டுகிறது.

அப்போது எனக்கு முதல் வேலை. பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் படிப்பை நிறுத்திய பிள்ளைகளைக் கண்டுபிடித்து, மறுபடி பள்ளியில் சேர்ப்பது. சமூகப்பணியில் பட்டம் வாங்கிய ஈரம் இன்னும் காயாத காலம். தேநீர்க் கடையில் யாருக்கு எந்தத் தம்ளரில் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் தேநீரையே குடிப்பேன். என்னோடு வேலை பார்த்த தேன்மொழி, “உன்னோட டீ குடிக்கிறது பரீட்ச எழுதற மாதிரி இருக்குதுடா” என்பாள். அவள் நன்றாகப் பாடுவாள். என்னிடம் ஒரு பழைய மின்கிதார் இருந்தது. அதை உரக்கக் கேட்கவைக்க ஆம்ப்ளிஃபயர்தான் இல்லை. ஒருமுறை இரவல் வாங்கிய ஒன்று, வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. மாடி அறையை வாடகைக்கு விட்டவர் மூன்றாம் நாளே ஏறி வந்து, “மோட்டார் நிறுத்த மறந்துட்டியா தம்பி?” என்று கேட்டார்.

ஆகவே இரைச்சல் இல்லாத ஒன்றைத் தேடிக் கைப்பேசி விளம்பரங்களில் இரண்டு மாதம் அலைந்தேன். சங்கராபரணி ஆற்றுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் சேவியர் அண்ணன் தம்முடையதை விற்கவிருப்பதாகத் தெரிந்தது. தேவாலயத்தில் பல ஆண்டுகள் வாசித்தவர். தொழிற்சாலையில் இடது கை நசுங்கிய பின் தந்திகளை அழுத்த முடியவில்லை. நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனேன். வால்வு வைத்தவை சீக்கிரம் பழுதாகும், டிரான்சிஸ்டரில் ஓடுவதுதான் எனக்கு ஏற்றது என்று படித்துத் தெளிந்திருந்தேன். பழையதை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதியிருந்தேன். குமிழைத் திருகினால் கரகரக்கிறதா? ஒயர் செருகும் துளை ஆடுகிறதா? உள்ளே யாராவது கை வைத்திருக்கிறார்களா? மூன்றாவது கேள்வியிலேயே அவர் சிரித்துவிட்டார்.

“இன்னா தம்பி, பொண்ணு பாக்க வந்தா மாதிரி கேக்குற? மொதல்ல வாசி. புடிச்சா தூக்கினு போ.”

வழக்கப்படி செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருந்தேன். அப்போதுதான் துடைத்த சிமெண்டுத் தரை. தந்தியில் விரல் வைத்ததும் கட்டெறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றது. கையை உதறினேன்.

“அடிக்குதா? இரு, இரு. செருப்பு போடல நீ.”

ஆம்ப்ளிஃபயரின் கைப்பிடியில் சணல் கயிற்றால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கட்டித் தொங்கியது. அவர் அதை அவிழ்த்து என் காலடியில் போட்டார். வீட்டுக்குள், அதுவும் மாதா படத்தின் எதிரில் செருப்பா என்று நான் தயங்கினேன்.

“இது தெருவுக்குப் போற செருப்பு இல்லப்பா. ஆம்ப்போட செருப்பு. இத்தன வருசமா அந்தம்மா எதுக்கதான் போட்டுகினு வாசிச்சேன். ஒண்ணும் சொன்னதில்ல.”

தெருவையே பார்க்காத செருப்பு. அதனால்தான் அத்தனை ஆண்டுகள் கழித்தும் அதில் புது ரப்பர் வாடை இருந்தது. போட்டுக்கொண்டு வாசித்தேன். சுருக்கென்று எதுவும் இல்லை. வாசிப்பதை நிறுத்தினால் அறையில் அப்படியோர் அமைதி.

அந்த அமைதியின் கதையையும் அவரே சொன்னார். முன்பு அது இரைந்துகொண்டே இருந்ததாம். மின்வேலை தெரிந்த மச்சான் ஒருவர் திறந்து பார்த்து எர்த் ஒயரை வெட்டிவிட்டார். கசியும் மின்சாரத்தைப் பூமிக்குள் இறக்க வேண்டிய ஒயர் அது. இரைச்சல் நின்றது. கசிவு மட்டும் போக வழியின்றிப் பெட்டியிலும் தந்தியிலும் தங்கிவிட்டது.

“கேளு, கொசு சத்தம்கூட இல்ல. செருப்பு போட்டுகினா உனக்குத் தெரியவே தெரியாது. ஆனா அந்த ஒயர ஒரு நா சேத்துடு தம்பி. நான்தான் சோம்பேறி, வுட்டுட்டேன்.”

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சேவியர் அண்ணன் எதையும் மறைக்கவில்லை. குறையையும் சொன்னார், தீர்வையும் சொன்னார். நான்தான் அந்த ஒயரைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் இரைச்சல் திரும்பி வரும். அந்த அமைதியை நம்பித்தானே வாங்கினேன்?

மாடி அறைப் பயிற்சிகளில் நான் செருப்போடு வாசிப்பேன். தேன்மொழி பாயில் அமர்ந்து மைக் இல்லாமல் பாடுவாள். “இன்னாடா, ரூமுக்குள்ள செருப்பு?” என்று முதல் நாளே கேட்டாள். ஸ்டைல் என்றேன். “மூஞ்சிக்கு ஏத்த ஸ்டைலு” என்றாள். பாட்டு முடியும் இடத்தில் அவள் எட்டிக் கையை நீட்டி, தந்திகளை அப்படியே அமுக்கி ஒலியை நிறுத்துவாள். விளையாட்டாகத் தொடங்கிய அது எங்கள் முத்திரையாகவே ஆகிவிட்டது. ஒரு நாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, “உன் கிட்டாரு என்னக் கிள்ளுதுடா” என்றாள்.

“புதுக் கம்பி. அப்டித்தான் இருக்கும்” என்றேன். மற்றவர் நலனுக்காகச் சம்பளம் வாங்கிய ஒருவன் சொன்ன பதில் அது.

அந்த ஆடி மாதம், பாகூர் ஏரியை ஒட்டிய ஓர் ஊரில் கூழ் வார்க்கும் திருவிழாவில் பாட அழைப்பு வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே எனக்கு இன்னும் உறவினர்கள் இருக்கிறார்கள். எங்கள் முதல் மேடை. என் பெரியப்பாவும் உடன் வந்தார். அந்த ஊரின் கரும்புக் கொல்லைகளில் கூலி வேலை செய்து வளர்ந்தவர் அவர். சிறுவயதில் அந்தக் கோயில் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த கதையை எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். முதன்முதலாகக் கூலிக் காசில் வாங்கிய செருப்பு, அதன் வார், அதைத் தூக்கிப் பிடித்த கையில் ஒட்டிய சேறு என்று ஒன்றுவிடாமல் சொல்வார்.

மேடை என்றால் கருவறைக்கு நேர் எதிரே ஒரு சிமெண்டுத் திட்டு. புழுதி அடங்க மாலையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பெண்கள் ஊற்றிய மஞ்சள் நீரும் சேர்ந்து திட்டு முழுதும் ஈரம். நான் செருப்போடு ஏறினேன். விழாக் குழுத் தலைவர் ராஜாங்கம் அருகில் வந்தார். கரும்பு விவசாயி, அறுபது வயதிருக்கும்.

“தம்பி, செருப்பக் கழட்டிடுப்பா. அம்மன் பார்வ நேரா வுழுற எடம்.”

ஆம்ப்ளிஃபயரில் மின்கசிவு இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் தேன்மொழி நின்றாள். சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். என் வாய் வேறொன்றைச் சொன்னது.

“ஏன் கழட்டணும்? மேடைதான இது? எங்க ஆளுங்க இந்தத் தெருவுல செருப்பக் கையில எடுத்துகினு நடந்த காலம் போயிடுச்சு.”

திட்டைச் சுற்றி இருந்த பேச்சு நின்றது. ராஜாங்கத்தின் முகம் சுருங்கியது. “அத யாருப்பா இப்போ பேசுனா? நானே கழட்டிட்டுத்தான நிக்கிறேன், கண்ணு தெரியல?” அவருக்குப் பின்னால் நான்கைந்து இளைஞர்கள் எழுந்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்தும் எழுந்தார்கள். ஒரு நாற்காலி சாய்ந்தது. “இவன் யார்ரா நம்ம கோயில்ல சட்டம் பேச?” என்று ஒரு குரல். “வந்து கழட்டிப் பாரேன்” என்று இன்னொரு குரல்.

அப்போது பெரியப்பா எழுந்தார். வீட்டில் மட்டும் சொல்லிவந்த கதையை வாழ்நாளில் முதன்முறையாக அந்தத் தெருவிலேயே சொன்னார். “நான் தூக்கினு நடந்தேன்யா. இந்த மண்ணுலதான். ராஜாங்கம், உனக்கே தெரியும். எம் புள்ள போட்டுகினு நிக்கட்டும்.”

ராஜாங்கம் அவரைப் பார்த்தார். பிறகு தலை குனிந்து, “வாசிக்கட்டும், வுடுங்கடா. நல்ல நாளும் அதுவுமா இன்னா சண்ட” என்றார்.

நான் வென்றேன். முழு வாக்கியத்தில் எழுதிப் பார்த்தால்தான் அதன் கோணல் தெரிகிறது: ஒரு முதியவரின் உண்மையான காயத்தைக் காட்டி, என் பாதங்களுக்கு மட்டும் நான் பாதுகாப்பு வாங்கிக்கொண்டேன்.

பாட்டு நன்றாகவே போயிற்று. எழுந்து நின்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். தேன்மொழி வெறுங்காலோடு, மஞ்சள் நீரில் நின்று பாடினாள். இடது கையில் மைக். கடைசி வரி வந்தது. அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தபடி வலது கையை நீட்டினாள். ஒரு கையில் ஒயர் வைத்த மைக், மறு கை தந்தியை நோக்கி, காலடியில் ஈரம். அந்த நொடியில்தான் எனக்குக் கணக்குப் புரிந்தது. ஒரு கையில் மின்சாரம் ஏறினால் நெஞ்சு வழியாகத்தான் மறு கைக்குப் போக வேண்டும்.

பின்னால் தாவினேன். கிதாரில் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கினேன். டொப்பென்று ஒரு வெடிச் சத்தம்.

“தொடாத! ஷாக் அடிக்கும்!”

அவள் கையிலிருந்த மைக் வழியாக அது தெருமுனைக் குழாய் ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் கேட்டது. சொல்ல வெட்கப்பட்ட உண்மையை ஊர் முழுவதற்கும் நானே அறிவித்துவிட்டேன்.

மைக் செட்காரர் முருகையன் மேலே ஏறினார். தேன்மொழியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒயரை மறுபடி செருகி, டெஸ்டரைத் தந்தியில் வைத்தார். அதன் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. “இன்னாபா இது, கிட்டாருல பல்பு எரியுது!” என்றார். யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

தேன்மொழி அந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு என் செருப்பை. பிறகு தன் பாதங்களை.

“அன்னிக்கே கிள்ளுதுன்னு சொன்னன் இல்ல?”

நான் செருப்பைக் கழற்றினேன்.

“எனக்கும் ஒரு ஜோடி வாங்கினு வந்திருக்கலாம்டா.” மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

ராஜாங்கம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “இத மொதல்லயே சொல்லியிருந்தா பலக போட்டுக் குடுத்திருப்பமேப்பா. ரெண்டு பேருக்கும்” என்றார்.

இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டோம். வண்டியில் பின்னால் அமர்ந்திருந்த பெரியப்பா ஏரிக்கரை ஏறியதும் கேட்டார். “அப்போ அது ஷாக்குக்குப் போட்ட செருப்பாடா?”

“ஆமா, பெரியப்பா.”



யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். அந்த வாரமே முருகையன் எர்த் ஒயரைச் சேர்த்துக் கொடுத்தார். ஆம்ப்ளிஃபயர் இப்போது மெல்ல இரைகிறது. நான் வெறுங்காலோடு வாசிக்கிறேன். சேவியர் அண்ணனின் செருப்பு அந்தத் திட்டிலேயே விடுபட்டுப் போயிற்று. தேன்மொழி சில மாதங்களில் வேறு வேலைக்குப் போனாள். பாகூர்ச் சந்தையில் பார்த்தால் நலம் விசாரிப்பாள். அவள் என்னோடு மறுபடி பாடவில்லை.

பெரியப்பா அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் இருந்தார். பேரப்பிள்ளைகள் அந்தச் செருப்புக் கதையைக் கேட்டபோதெல்லாம், “அது கெடக்குது வுடு” என்று எழுந்து போய்விட்டார். அந்தக் கதையை அவர் யாரிடமும் மறுபடி சொல்லவில்லை.