கை ஆடினால் ஓடும் வாட்ச்

எங்கள் ஊரில் வாட்ச் கட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு மணி தேவையே இல்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் செத்த நேரம் நின்று பார்த்தால் தெரியும். ஒருத்தன் முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டி, தங்க கலர் செயினை லொடலொடவென்று தொங்கவிட்டு, கண்ணாடி மேல் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காமல் நிற்பான். மணி கேட்டால் சந்தோஷமாகக் கையை நீட்டுவான். யாரும் கேட்காவிட்டால் மீசையைத் தடவுவான், அதுவும் இடது கையால்.

அப்படி ஒருத்தன் எங்கள் வீட்டுக்கே மாப்பிள்ளையாக வந்தான்.

தொண்ணூறுகளில் என் தங்கைக்கு வடமதுரையில் சம்பந்தம் பேசினோம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு மச்சினன்தான் வாட்ச் கட்டிவிட வேண்டும். கோயிலில் மூன்று ஞாயிறு பூசையிலும் கல்யாண ஓலை வாசித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை மூன்று தடவை வாட்ச் பற்றிக் கேட்டுவிட்டான். கடைசியில் கடைக்கே கூட வந்தான். வெள்ளை முகத்தில் கறுப்பு எண் போட்ட ஒன்றை நான் எடுத்துக் காட்டினேன். பார்த்ததும் மணி தெரியும்.

"இது வாத்தியார் வாட்ச், மச்சான்" என்று தள்ளிவிட்டான்.

கடைக்காரர் உள்ளேயிருந்து மஞ்சளாக மின்னுகிற ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "ஆட்டோமேட்டிக். பேட்டரி வேணாம், சாவி குடுக்க வேணாம். கை ஆடுனாப் போதும், அதுபாட்டுக்கு ஓடும்."

"நாம ஒண்ணுமே செய்ய வேணாமா? இதையே போடுங்க" என்றான். ஒன்றுமே செய்ய வேண்டாம் என்பதுதான் அவன் காதில் விழுந்தது. கை ஆட வேண்டும் என்பது விழவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் நிச்சயத்தில் நான்தான் கட்டிவிட்டேன். கல்யாணம் முடிந்து சில மாதம்கூட ஆகவில்லை, தங்கை பெட்டியோடும் அந்த வாட்ச்சோடும் என் மில்லுக்கு வந்து நின்றாள். நான் பேகம்பூர் பக்கம் மிளகாய், மல்லி அரைக்கிற மில் வைத்திருந்தேன்.

"வாட்ச் நின்னு நின்னு போகுதாம்ணே. ஓட்டை வாட்ச்ச தலையில கட்டிட்டீங்களாம். நல்லதா வாங்கிட்டு வந்தா வா, இல்லேன்னா அங்கேயே இருன்னுட்டாரு."

ஒரு வாட்ச்சுக்காகப் பெண்டாட்டியைத் திருப்பி அனுப்புகிறவன் எந்த வகை ஆம்பளை என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. அம்மா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால், "என்ன, மக வந்திருக்காளாமே?" என்று இழுக்க ஆள் இருந்தது. அந்தச் சனியன் பிடித்த வாட்ச் ஓடினால்தான் அவள் வீடு போக முடியும்.

ரிப்பேர்க்கார பாயிடம் கொடுத்தேன். திறந்து பார்த்து, மூடித் திருப்பிக் கொடுத்தார். "ஒரு பழுதும் இல்ல தம்பி. நீங்க கட்டிப் பாருங்க."

கட்டினேன். மூட்டை தூக்கினேன், மிளகாய் கொட்டினேன், சலித்தேன், எம்.எயிட்டி வண்டியில் டவுனெல்லாம் சுற்றினேன். வாட்ச் நிற்கவே இல்லை. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

தங்கையைக் கூட்டிக்கொண்டு வடமதுரைக்குப் போனேன். உச்சி வெயில் நேரம். அவன் ஃபேனுக்குக் கீழே கட்டிலில் மல்லாந்திருந்தான். தலைமாட்டில் சொம்பு இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க அவன் அம்மா இருந்தார். பிசினஸ் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். என்ன பிசினஸ் என்று கேட்காமல் விட்டது எங்கள் மடத்தனம்.

படுத்தபடியே வாட்ச்சை மாட்டினான். கொஞ்ச நேரத்தில் துள்ளி எழுந்தான். "என்ன மச்சான், கை எரியுது?"

செயின் இடுக்கெல்லாம் மிளகாய்த்தூள்.

"வேலை பாத்த வாட்ச் மாப்ள, அப்படித்தான் எரியும். இத்தனை நாளு என் கையில நிக்காம ஓடுச்சு. நீங்க கையை ஆட்டலேன்னா அது எப்படி ஓடும்?"

அவன் வாயைத் திறக்குமுன் அவன் அம்மா வந்துவிட்டார். "எம்பிள்ளை என்ன கூலிக்காரனா தம்பி, நாள் பூராம் கையை ஆட்டிக்கிட்டுத் திரிய?"

தங்கை என்னைப் பார்த்துக் கண்ணால் போகச் சொன்னாள். வந்துவிட்டேன்.

அப்புறம் வாட்ச் நிற்கவில்லை. டீக்கடையில் எல்லோருக்கும் கையைக் காட்டி, "வந்ததுலருந்து ஒரு செகண்டு நின்னதில்ல" என்று பீற்றிக்கொண்டான். ஒரு நாள் அவன் தூங்குகிற நேரத்தில் வீட்டுக்குப் போனேன். தங்கை அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த மஞ்சள் வாட்ச் அவள் முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அவரு தூங்குறப்ப நான் கட்டிக்கிறேன்ணே. வெளிய கிளம்புறப்ப குடுத்துருவேன்."

"உனக்கு வெக்கமா இல்ல?"

"வாட்ச் ஓடுதுல்ல? சண்டை இல்லேல்ல? பேசாமப் போண்ணே."

குடம் நிரம்பி வழிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாட்ச்சைக் கழற்றிக் கல்லில் வைத்து நசுக்கியிருப்பேன். நசுக்கினால் மறுபடி பெட்டியோடு நிற்பது அவள்தானே.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவள் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். அவன் பிசினஸில் அடுப்பு எரியவில்லை, வேறென்ன. மில் வேன் விடியுமுன்னே வரும். வாட்ச்சைக் கட்டிக்கொண்டே போய்விடுவாள். செயினில் நாலு கண்ணியைக் கழற்றித் தன் கைக்குச் சரியாக்கிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்கு வயிறு குளிர்ந்தது. அவன் என் மில்லுக்கு வந்து நின்றான்.

"மச்சான், உங்க தங்கச்சி என் வாட்ச்ச எடுத்துக்கிட்டா. கேட்டா, ஷிப்ட்டுக்கு மணி பாக்கணும், நீங்க எங்க போகப் போறீங்கங்கறா. இப்ப நானு வெறுங்கையாத் திரியிறேன்."

அவள் கேட்டதில் என்ன தப்பு? இருந்தாலும் அவன் போய் அவளிடம் மல்லுக்கட்டக் கூடாது என்று கடைக்குக் கூட்டிப்போனேன். இருப்பதிலேயே மினுக்கலாக ஒரு பேட்டரி வாட்ச்சை எடுத்தேன். முறைப்படி நானே கட்டிவிட்டேன்.

"இது கை ஆடாட்டியும் ஓடும், மாப்ள."

"அப்படிப் போடுங்க!" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேலே ஒட்டியிருந்த தாளைப் பிரிக்கப் போனேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"அது இருக்கட்டும் மச்சான்."