அக்கா தந்த எச்சில்

மூளையை ஆராய்கிறேன் என்று சொன்னால் ஊரில் நல்ல மரியாதை. ஆட்களிடம் எச்சில் சேர்க்கிறேன் என்று சொன்னால் அந்த மரியாதை அப்படியே இறங்கிவிடும். இரண்டும் ஒரே வேலைதான். மனதில் நெருக்கடி கூடும்போது உடம்பில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் கூடுகிறது. அதை எச்சிலில் அளக்கலாம். காலையில் கண் விழித்ததும் ஏறி, பொழுதுபட இறங்குவது அதன் வழக்கம். நெடுங்காலம் கவலையில் கிடந்தவர்களிடம் அந்த ஏற்ற இறக்கம் மழுங்கிப்போவதுண்டு. அது மூளையை என்ன செய்கிறது என்று பார்ப்பதிலேயே என் தலை நரைத்தது.

நோயாளிகளைப் பராமரிப்பவர்களைப் பற்றிய ஆய்வொன்றை யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் தொடங்கப் போனபோது, ஊர்காவற்றுறையில் அக்கா வீட்டில் தங்கினேன். பாரிசவாதத்தால் பேச்சிழந்து கிடந்த அப்பாவை அக்கா தனியாகப் பார்த்து வந்தாள். தெற்கே சிங்கள ஊரில் கடை வைத்து இரண்டு மொழியில் பேரம் பேசிய மனிதர், இப்போது கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அக்கா மெலிந்து, கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தாள். துணைக்கு ஓர் ஆளை வைப்போம், அல்லது கொஞ்ச நாள் நான் பார்க்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

“எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கிறன்” என்பாள்.

அவளோடு வாதாடி வென்றவர் எங்கள் குடும்பத்தில் எவரும் இல்லை. கோர்ட்டிசோல் அளவைக் காட்டினாலாவது மசிவாள் என்று நினைத்தேன். சொந்தக்காரியை ஆய்வில் சேர்க்க முடியாது. ஆனால் தொடங்குமுன் ஒத்திகை பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பஞ்சுத்துண்டை வாயில் ஊறவைத்துக் குழாயில் போட வேண்டும், காலையில் எழும்பியவுடன், பல்லுத் தீட்டுமுன் முதலாவது, பொழுதுபடக் கடைசி என்று விளங்கப்படுத்தினேன்.

“பல்லும் தீட்டாமல் எச்சிலை உன்ரை கையிலை தாறதோ? உனக்கு வெக்கமில்லையோ?”

“எனக்கு அதுக்குத்தான் சம்பளம்” என்றேன்.

முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிவைத்தாள். சில நாள் கழித்து, நிரம்பிய குழாய்களைத் துணியில் சுற்றித் தந்தாள். அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்து யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஓர் அம்மா, “என்ன மீன் பிள்ளை?” என்று கேட்டார். கொழும்புக்குப் போற சாமான் என்று மழுப்பிவிட்டேன்.

ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வந்தது. பாடப்புத்தகத்தில் போடலாம் போன்ற கோடு. காலையில் அழகாக ஏறி, மாலையில் அமைதியாக இறங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாதத்தில் தோற்றுவிட்டேனே என்று கொஞ்சம் எரிச்சலும்தான். தாளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“நீ வெண்டிட்டாய். ஒரு குறையுமில்லை” என்றேன்.

அவள் கை நின்றது. “அப்ப அவர் உள்ளுக்கை பயந்துகொண்டு கிடக்கேல்லை, என்ன?”

“ஆர்?”

“அப்பாதான். என்ரையைப் பாத்து ஆருக்கு என்ன? கேட்டால் நீ விடமாட்டாய் எண்டு சொல்லேல்லை. வாய் துடைக்கேக்கை அவரின்ரை கன்னத்துக்கை பஞ்சை வைச்சு, விழுங்கிப்போடாமல் விரலாலை பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

பஞ்சு தொண்டையில் சிக்கியிருந்தால் என்ன கதி என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேசத் தொடங்கிவிட்டாள்.

“இரவிலை கண்ணை முழிச்சுக்கொண்டு கிடப்பார். நோகுதோ, பயமோ, கேட்டாலும் சொல்ல ஏலாது அவருக்கு. நானும் அவரின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு முழிச்சிருப்பன். இத்தனை நாளும் அதுதான் என்னைத் திண்டது.”

ஒருவருடைய சில நாள் எச்சிலை வைத்து அவர் மனதைச் சொல்ல முடியாது. என் மாணவர் யாராவது அப்படி எழுதினால் கிழித்துப்போடுவேன். அக்கா துருவுபலகையில் இருந்தபடி என்னை அண்ணாந்து பார்த்தாள். நான் தாளை அவள் பக்கம் நீட்டினேன்.

“பயமில்லை அக்கா. நிம்மதியாத்தான் கிடக்கிறார்.”

“உண்மையாவோ?”

“ஓம்.”

அவள் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தாளை வாங்கி அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். திரும்பி வந்து குசினி வாசலில் நின்றாள்.

“இண்டைக்கு நீ அவரைப் பார். நான் கொஞ்சம் படுக்கப்போறன்.”