தாலி முன்னால, மாப்பிள்ளை பின்னால

சிநேகிதங்க எங்க நாலு பேருக்கும் ஒரு ஆட்டம் இருந்தது. பெங்களூருல வேலை பாத்த மாமா பையன் அதோட விதியெல்லாம் இங்கிலீஷ்ல இருந்த ஒரு ஜெராக்ஸ் கட்டு கொண்டாந்தான். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கினு, காடு மலை தாண்டி, பூதத்தை அடிச்சி, புதையல் எடுக்கணும். எங்க ஊரு எலவனாசூர்கோட்டையில சண்டைக்கா பஞ்சம்? அடிதடி பக்கத்தையெல்லாம் மூட்டை கட்டி வெச்சிட்டு, பயண விதியை மட்டும் எடுத்துக்கினோம். உளுந்தூர்பேட்டையைத் தாண்டாத பசங்களுக்கு அதுலதான் ருசி. கல்வராயன் மலையை பூத மலைன்னு வரைஞ்சி, தாயக்கட்டை உருட்டினோம்.

விதியில நான் கறார். கூட்டத்துல யாரு மெதுவா நடக்கறாங்களோ அதுதான் எல்லாருக்கும் வேகம். சேத்துக்கினவங்களைப் பாதியில உட்டுட்டுப் போகக் கூடாது. விலை ஒசந்த பொருள், வேகமா போறவன் கையில இருக்கணும். எவனாவது மீறினா தாயக்கட்டையைத் தூக்கி எறிஞ்சிடுவேன். கோவம் எனக்கு மூக்கு மேல.

எனக்குப் பொண்ணு நிச்சயமானது மலையடிவாரத்துல, கச்சிராயபாளையத்துல. கல்யாணம் நெருங்கின நேரத்துல இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ரோட்டுல மரங்களை வெட்டி சாய்ச்சிட்டாங்க. பஸ் இல்லை, லாரி இல்லை, தேதியைத் தள்ளலாம்னு சொல்லி அனுப்பவும் வழியில்லை. பொண்ணோட அப்பா சந்தேகப் பேர்வழி. அவரு தங்கச்சி பையன், பொண்ணுக்கு முறைப்பையன், உள்ளூருலயே இருந்தான். நான் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேரலைன்னா அவன் மணையில ஒக்காந்துடுவான். இது ஊரறிஞ்ச விஷயம்.

நடந்தே போறதுன்னு முடிவாச்சு. நாங்க நாலு பேரு, சித்தப்பா, பெரியம்மா. அம்மா போனப்புறம் என்னை வளத்தது பெரியம்மாதான். அவளுக்கு முட்டி வலி. ஆட்டத்துல மாதிரியே வேலை பிரிச்சேன்: ஒருத்தன் வழி பாக்க, ஒருத்தன் சோறு தண்ணி பாக்க. எங்கள்லயே வேகமானவன் கையில தாலி.

வெட்டிப் போட்ட மரத்துக்கு மரம் போராட்டக்காரப் பசங்க ஒக்காந்திருந்தாங்க. வேற பக்கம் ஜனங்க பயந்து கிடந்த கதையெல்லாம் பின்னாலதான் கேள்விப்பட்டோம். எங்க வழியில, மாப்பிள்ளையே நடந்து போறாருன்னு தெரிஞ்சதும் பெரியம்மாவைக் கைத்தாங்கலா மரத்து மேல ஏத்தி இறக்கினாங்க, மோர் குடுத்தாங்க. எங்களுக்கும் ஒரு பந்தி உண்டான்னு கேலி பண்ணாங்க.

கள்ளக்குறிச்சிக்கே பொழுது சாஞ்சிதான் வந்தோம். தெரிஞ்சவங்க வூட்டுல தங்கி, விடியும்போதே கிளம்பினோம். பெரியம்மா முட்டி வீங்கியிருந்தது. காலை முகூர்த்தம் கிடைக்காதுன்னு தெரிஞ்சிபோச்சு. உச்சிக்கு முன்னால இன்னொண்ணு இருந்தது. தங்கின வூட்டுல ஒரு சைக்கிளை வாங்கி, நாங்க வந்துக்கினே இருக்கோம்னு சேதி சொல்ல, தாலி வெச்சிருந்தவனை முன்னால அனுப்பினேன். பெரிய சாமர்த்தியம்னு எனக்கு நெனப்பு. கொஞ்ச தூரம் நடந்தப்புறம் சித்தப்பா நின்னுட்டாரு.

"பொண்ணு அங்க, முறைப்பையன் அங்க, இப்ப தாலியையும் அனுப்பிட்ட. இன்னும் இன்னாடா பாக்கி?"

எனக்கு வேர்த்துக் கொட்டிப் போச்சு. ஓடுடான்னு எல்லாரும் தள்ளினாங்க. பெரியம்மா ஒரு கல்லு மேல ஒக்காந்துக்கினு, நீ போ, நான் மெள்ள வரேன்னா. சொல்லும்போதே அவ கண்ணு கலங்கிடுச்சி. அந்தப் பொண்ணை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. பொண்ணு பாக்கப் போன அன்னிக்கி ஒருதரம் சிரிச்சா, அதையே நெனச்சிக்கினு கிடந்தவன் நான். ஆனாலும் பெரியம்மா இல்லாத கல்யாணத்துல மணையேற மனசு வரலை. விதின்னா விதிதான்னு கத்தினேன். சித்தப்பா தலையில அடிச்சிக்கினாரு. நானும் ரெண்டு சிநேகிதனும் பெரியம்மாவை மாத்தி மாத்தித் தூக்கிப் பாத்தோம். அவ கனத்துக்கு அதுல வேகம் ஒண்ணும் கூடலை. போதாக்குறைக்கு என் புதுச் செருப்பு வேற கடிச்சிது.

கல்யாண வூட்டு வாசல்லயே சைக்கிள்காரன் ஓடி வந்து நடந்ததைச் சொன்னான். காலை முகூர்த்தம் போனதுமே பொண்ணோட அப்பா முறைப்பையனைக் குளிக்கச் சொல்லிட்டாரு. அவனும் குளிச்சிட்டு பட்டு வேட்டியில தயாரா நின்னிருக்கான். தாலி எங்கன்னு தேடினா, பொண்ணு அதை வாங்கி மடியில வெச்சிக்கினு ஒக்காந்திருக்கா. மாப்பிள்ளை ஏன் வரலைன்னு சைக்கிள்காரனைக் கேட்டு, பெரியம்மா முட்டியையும் எங்க விதியையும் தெரிஞ்சிக்கினு, அப்பாகிட்ட சொல்லியிருக்கா:

"முட்டி வலிக்காரியை உடாம கூட்டிக்கினு வராருப்பா. என்னையும் உட மாட்டாரு. அடுத்த முகூர்த்தம் வரைக்கும் இருங்க."

அடுத்த முகூர்த்தத்துல தாலி கட்டினேன். பெரியம்மா பக்கத்துல நின்னு அழுதா, எனக்கும் அழுகை வந்துடுச்சி. முறைப்பையன் அதே பட்டு வேட்டியோட பந்தி பரிமாறினான். எனக்கு மட்டும் ரசத்தை இலைக்கு வெளிய ஊத்தினான்.

மறுநாளும் பஸ் ஓடலை. ஊர் திரும்பும்போது பெரியம்மாவை சைக்கிள் கேரியர்ல ஒக்கார வெச்சி சிநேகிதங்க தள்ளிக்கினு போனாங்க. இது வரும்போதே ஏன் தோணலைன்னு என் பொண்டாட்டிதான் கேட்டா. ஆட்டத்துல சைக்கிள் கிடையாதுன்னேன். சிரிச்சா பாருங்க, வழியெல்லாம் சிரிச்சா.

செருப்பு கடிச்ச காலோட கூட்டத்துக்கே கடைசியா நொண்டிக்கினு வந்தவன் நான்தான். அவ ஒவ்வொரு மரத்தாண்டையும் நின்னு, நான் வந்து சேர்ற வரைக்கும் காத்துக்கினு இருந்தா.