பிரிஜா ராஜாவைப் பிடித்த கதை

மணவாளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பிரிஜாவுக்குச் செஸ் மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. பிரியமெல்லாம் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்த புருஷன் ஷிஜின் மேல்தான். கல்யாணச் சேலை மடிப்புக் கலையுமுன்னே பிளேன் ஏறிய மகராசன்! 2010-இல் லீவுக்கு வந்து திரும்பும்போது, அவள் அழுத அழுகையைப் பார்த்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். வாயை விட்டான்.

"ஏட்டி, செஸ்ஸுல ஒருக்கா என்னைய ஜெயிச்சுக் காட்டு. இந்தக் காண்ட்ராக்ட் முடிஞ்சதும் பெட்டியைக் கெட்டிட்டு வந்துருவேன்."

பங்குக் கோயில் இளைஞர் மன்றத்தில் செஸ் கப் வாங்கினவன் அல்லவா, அந்தத் தெனாவட்டு. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டம் போனில் நடந்தது. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு, அன்றைக்கு ஆளுக்கு ஒரு காய் நகர்த்துவார்கள். கட்டங்களுக்குக் கடற்கரை ஊர்களையே பெயராக வைத்தார்கள். பலகையின் இடக்கோடி வரிசை நீரோடி, அடுத்து இனயம், குளச்சல், மண்டைக்காடு என்று கிழக்கே போய், முட்டம், ராஜாக்கமங்கலம் தாண்டி வலக்கோடி கன்னியாகுமரி; ஒவ்வொரு ஊருக்கும் கீழிருந்து மேலாக ஒன்று முதல் எட்டு வரை கட்டங்கள். பஸ்ஸில் போகிற மாதிரிதான்.

முதல் ஆட்டத்தில் ஆத்திரம் தாங்காமல் ராணியைத் தனியாக விரட்டிப் பறிகொடுத்தாள். அன்று சோறு இறங்கவில்லை. இரண்டாவதில் அவசரப்படக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் கோட்டை கட்டி, ராஜாவை ராஜாக்கமங்கலம் எட்டில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு, நீரோடிப் பக்கம் அவள் சிப்பாய்களைத் தின்னப் போனான். தின்னட்டும், தின்னட்டும்! அவள் மந்திரியை மண்டைக்காட்டில் நிறுத்தி, ராஜாவின் வீட்டுப் பக்கமாகக் குறி வைத்தாள். நடுச்சிப்பாயைத் தள்ளிக் காவல் குதிரையை விரட்டினாள். தன் குதிரையை அதே வரிசையில் ராஜாக்கமங்கலம் ஐந்துக்குக் கொண்டுபோனாள். சும்மா ஒரு செக் வைக்க வழியிருந்தும் வைக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் அந்தப் பலகை மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது. "ராணியும் குதிரையும் தின்னுட்டு எந்திரிக்கட்டும், பொறவு நாம தின்னலாம்!" என்று மாமியார் சத்தியபாய் கத்துவாள். ஆனால் மேசை துடைக்கும்போது ஒரு காயைக்கூட நகர்த்த மாட்டாள். பந்தயம் அவளுக்கும் தெரியும், மகன் வரவேண்டாமா?

கடை அடைத்து வந்ததும் பிரிஜா அந்தக் கறுப்பு ராஜாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அது ஷிஜின்தான். தனியாகக் காபி குடித்தும், தனியாக மாதாக் கோயிலுக்குப் போயும் அலுத்துவிட்டது. இந்த மனுஷன் பக்கத்தில் இருந்து சண்டை போட்டாலாவது போதும் என்று இருந்தது.

கடைசியில் அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது.

"ராணி, கன்னியாகுமரி ஏழு," என்றாள். "மந்திரி துணைக்கு நிக்கான். ராஜாவுக்குப் போக இடமில்ல, பாருங்க."

"ஆமா, தோத்தேன்," என்றான் ஷிஜின்.

"அப்போ டிக்கெட் எப்போ எடுக்கியோ?"

"மக்கா... ரெண்டு வருஷத்துக்குப் புதுசாக் கையெழுத்துப் போட்டாச்சு. நீ குதிரையைக் கொண்டாந்த அன்னைக்கே போட்டாச்சு. சொல்ல வாய் வரல்ல."

பிரிஜாவுக்கு நெஞ்சு எரிந்தது. "பொறவு எதுக்கு இத்தனை வெள்ளிக்கிழமையும் விளையாடுனியோ? என்னைய கோட்டிக்காரி ஆக்கவா?"

"இங்க எல்லாவனும் என்னைய வேலைக்குத்தான் கூப்பிடுகான். நீ ஒருத்திதான் ஒவ்வொரு காயா நகர்த்தி வீட்டுக்குக் கூப்பிட்ட. அதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும்னு ஆசையா இருந்தது, பிரிஜா."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. அவனும் அழுகிறான் என்று தெரிந்ததும் போனை வைக்க மனசு வரவில்லை.

அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள் சத்தியபாய். "என்னட்டி, வாறானா?"

பிரிஜா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜெயிச்சாச்சு, மாமி," என்றாள்.