அமாவாசையன்று வந்த துரை

நான் காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை விற்பனையாளனாகச் சேர்ந்த புதிது. அறுபதுகளின் கடைசி. ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கடைக்கு வந்தார். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் சர்க்காருக்காகச் சீனாவில் தூதரக அதிகாரியாக இருந்தவர். உத்தியோகம் போக மீதி நேரமெல்லாம் சீனக் கவிதைகளைப் படித்து இங்கிலீஷில் எழுதினாராம். பழைய சீன யாத்திரிகர் ஒருவர் நம் ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார், அதனால் வந்தேன் என்றார்.

தறி பார்க்க ஆசைப்பட்டார். நெசவாளர் ஏகாம்பரம் வீட்டுக்கு அழைத்துப் போனேன். தறியில் ஓடிக்கொண்டிருந்த மயில்கழுத்துச் சேலையையே பிடித்துக்கொண்டுவிட்டார். மெட்ராஸ் ஓட்டலில் இருக்கும் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாளாம்.

"சண்டே மார்னிங் ரெடி சார்!" என்று முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்து பட்டுக்கு வந்தவர். மில்லுக்கு ஏது அமாவாசை?

சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தால் முந்தானை பாதி பாக்கி.

"நாளைக்கு அமாவாசபா. தறி ஓட்டமாட்டேன்" என்றார் ஏகாம்பரம்.

"அண்ணே, என் வேலையே பூடும்ண்ணே."

"நான் வேணா வந்து உன் மொதலாளிகிட்ட பேசறேன். தறிக்குழியில மட்டும் எறங்கச் சொல்லாத. எங்கப்பன் காலத்திலேந்து அன்னிக்கு தறி நாடாவத் தொட்டதில்ல."

முதலாளியிடம் சொன்னேன். "அமாவாசன்னு சொல்லிக்கினு வந்து நிக்கிறியே! சேல வரலன்னா நீ வேற கட பாத்துக்கோ" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரில் இதைவிட நல்ல வேலை எனக்குக் கிடைக்காது.

காலையில் துரையின் டாக்ஸி வந்தது. அதுவரை சரளமாக ஓடிய முதலாளியின் இங்கிலீஷ் அன்று பார்த்து நின்றுபோனது. எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட இங்கிலீஷில் நானே விஷயத்தைச் சொன்னேன்.

துரை சிரித்துவிட்டார். "சின்ன வயதில் சீனாவில் ஒரு பண்டிகை நாளில் பட்டுத் தறிக்காரர்களை வேலை செய்ய வைத்தேன். எங்கள் தூதருக்குக் கொடுக்க வேண்டிய பரிசு. துணி வந்தது. அந்தத் தெருவில் அப்புறம் ஒருவரும் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகுதான் அவர்களுடைய பஞ்சாங்கத்தைப் படித்தேன். கவிதையெல்லாம் அதற்கப்புறம்தான். நாளைக்கே கொடுங்கள்" என்றார்.

"மேடம் பர்த்டே?" என்றார் முதலாளி.

"அவளும் என்னோடு அங்கே இருந்தவள். புரிந்துகொள்வாள்."

விஷயத்தைச் சொல்ல ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன்; துரையும் கூட வந்தார். அங்கே அன்று படையல். காக்காய்க்குச் சோறு வைத்த பிறகு துரைக்கும் இலை போட்டார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து, வாழைக்காய்ப் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கும் அப்போதுதான் சோறு இறங்கியது.

திங்கட்கிழமை மத்தியானம் சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தார் ஏகாம்பரம். துரை அதை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறினார்.

டாக்ஸி போனதும் முதலாளி ஒரு தினசரி காலண்டரை வாங்கிவந்து என் மேஜைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். "இனிமே கஸ்டமருக்கு தேதிய நீ சொல்லுபா. நான் வாயத் தொறக்கல" என்றார்.

ஓய்வு பெறும்வரை தேதி சொன்னவன் நான்தான். "அன்னிக்கு தறி ஓடாதுங்க" என்றால் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஒருநாள் கழித்து வந்து சேலையை வேண்டாம் என்றவர் ஒருவரும் இல்லை.