ஒறம்பரைச் சொம்பு

தனுஷ்கோடியில் கப்பலேறி, அக்கரையில் ரயில் பிடித்து, கண்டியில் அக்காவின் வீட்டுக்குள் நான் காலை வைத்ததும் அவள் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாயோரத்து நசுங்கலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவளுடைய கல்யாணச் சீரோடு எங்கள் வீட்டிலிருந்து போன சொம்பு அது.

நாமக்கல் பக்கத்தில் எங்கள் ஊரில், ஒறம்பரை என்று விருந்தாளி யார் வந்தாலும், பேச்சுக்கு முன்னால் தண்ணீர் கொடுக்க வேண்டும். அதற்கென்றே அம்மா அந்தச் சொம்பைப் புளி போட்டுத் துலக்கி மாடத்தில் கவிழ்த்து வைத்திருப்பாள். வீட்டு ஆட்கள் அதைத் தொடக்கூடாது. எனக்கோ அதன் மேல்தான் ஆசை. ஒருநாள் சோளக்காட்டிலிருந்து வேர்த்து ஓடிவந்து வாசலில் நின்று, "ஊட்டுல யாருங்க? தண்ணி குடுங்க" என்றேன்.

அக்கா சிரித்துக்கொண்டே தலையில் குட்டினாள். "நீயென்ன ஒறம்பரையா சாமி? உள்ள போயி பானையில மோந்து குடி."

ரோஷத்தில் நான் உள்ளே போய் மாடத்திலிருந்த சொம்பைத் தட்டிவிட்டேன். அப்போது விழுந்த நசுங்கல்தான் அது.

அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருப்பவள் இவள் ஒருத்திதான். அவளைப் பார்க்கத்தான் கடல் தாண்டி வந்தேன்.

"தண்ணி குடிங்க தம்பி. கப்பல்ல சிரமமில்லீங்களே?" என்றாள்.

அடுப்படியில் பானை இருப்பது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. உள்ளே போய் மொண்டு குடிக்கக் கால் வரவில்லை. அத்தனை ஆசைப்பட்ட சொம்பை இரண்டு கைகளாலும் வாங்கி, வாய் வைக்காமல், ஒறம்பரையைப் போலவே அண்ணாந்து குடித்தேன்.